சுவருக்கா சந்தா?

புதுச்சேரியிலிருந்து வடக்கே போகும் கடலோரச் சாலையை விட்டு மேற்கே திரும்பிச் செம்மண் மேட்டில் ஏறினால், சில நிமிஷங்களில் குயிலாப்பாளையம் வந்துவிடுகிறது. விழுப்புரம் ஜில்லா, வானூர் தாலுகாவைச் சேர்ந்த கிராமம். ஒரு பக்கம் முந்திரித் தோப்புகள். மறு பக்கம் ஆரோவில். 1968-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் ஸ்தாபிக்கப்பட்ட நாளிலிருந்து பல தேசத்து மனிதர்கள் இந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்து வருகிறார்கள். மளிகைக் கடைக்காரர் பிரெஞ்சுக்காரருக்குத் தமிழில் விலை சொல்வதும், அவர் தமிழிலேயே பேரம் பேசுவதும் இங்கே அதிசயமல்ல.

சென்ற மாதம் நாம் அங்கே போனது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பார்த்து க்ஷேமம் விசாரிப்பதற்காக. முழங்காலில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு, திண்டிவனத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“கால் எப்படி இருக்கிறது, ஐயா?” என்று கேட்டோம்.

“கால் சரியாகிவிட்டது. டெலிவிஷன் விஷயந்தான் இன்னும் வலிக்கிறது” என்றார்.

வேடிக்கையாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம். விஷயத்தைக் கேட்ட பிறகு நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்டர்நெட் வழியாகச் சினிமாவையும் கிரிக்கெட்டையும் வீட்டுத் திரைக்கு அனுப்பும் கம்பெனிகள் இன்று பல இருக்கின்றன. ‘ஓ.டி.டி.’ என்று மூன்றெழுத்தில் அவற்றைச் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு (பெயர் இங்கே வேண்டாம்) நம் தலைமையாசிரியர் ஒரு வருஷத்துச் சந்தாவை முன்கூட்டியே கட்டியிருந்தார். பணம் அவருடைய பென்ஷனிலிருந்து போயிற்று. கணக்கைத் திறந்து கொடுத்தவன் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மகன். ஆகையால் கணக்கில் பதிவான செல்போன் எண்ணும் மகனுடையது. இந்தச் சின்ன விஷயம் பிற்பாடு பெரிய விஷயமாயிற்று.

திண்டிவனத்து மாப்பிள்ளை தங்கமானவர். மாமனார் படுத்தபடியே பார்க்கட்டும் என்று கூடத்திலிருந்த டெலிவிஷனை அறைக்கு மாற்றி வைத்தார். மகள் அப்பாவின் கணக்கை அதில் பதிவு செய்தாள். நாலு நாள் ஒரு குறைவுமில்லை. ஐந்தாம் நாள் மாலை, பாதிப் படத்தில் விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம் என்று திரையைத் திறந்தால், படத்துக்குப் பதில் ஓர் அறிவிப்பு நின்றது. இந்த டெலிவிஷன் உமது வீட்டைச் சேர்ந்ததல்ல என்பது அதன் சாரம்.

மகள் வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கையில், ஒரு தகப்பனார் படிக்கக்கூடிய வாசகமா அது?

பிரயாணத்தில் இருப்பவர்கள் தாற்காலிகமாகப் பார்க்கலாம், அதற்கு ஓர் எண் அனுப்பப்படும் என்று திரையே வழியும் சொல்லிற்று. எண் அனுப்பப்பட்டது, ஆனால் பெங்களூருக்கு. மகனுக்கு ராத்திரி வேலை. பகலில் தூங்கி எழுந்து, எண்ணைப் பார்த்துத் தங்கைக்குச் சொல்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் தடவை எண் உரிய காலத்தில் வந்தது. சில நாள் படம் ஓடிற்று. பிறகு பழைய அறிவிப்பே திரும்ப வந்தது.

“நான் புதிதாக ஒரு சந்தா கட்டிவிடுகிறேன், மாமா. என்ன பெரிய தொகை?” என்றாராம் மாப்பிள்ளை.

“வேண்டாம் மாப்பிள்ளை. இன்னொரு தடவை பணம் கட்டினால், முதலில் கட்டாமல் பார்த்தவன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும்” என்று சொல்லிவிட்டார் பெரியவர்.

அதன் பிறகு அவர் அந்த டெலிவிஷனைத் திறக்கச் சொல்லவில்லை. மீதி நாட்களைப் பத்திரிகை படித்தே கழித்தார். குயிலாப்பாளையத்துக்குத் திரும்பி வந்ததும் அவருடைய சொந்த டெலிவிஷன் ஒரு கேள்வியும் கேட்காமல் படத்தைக் காட்டிற்று. “அங்கே நான் வேறு மனிதனாகவா இருந்தேன்?” என்று நம்மைக் கேட்டார். நமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையே அந்தப் பதில்.

* * *

டெலிவிஷன் எப்படி ஒரு வீட்டை மற்றொரு வீட்டிலிருந்து பிரித்து அறிகிறது? அதற்குக் கண் கிடையாது. வீட்டுக்கு வரும் இன்டர்நெட் இணைப்புக்கு ஒரு விலாச எண் உண்டு. ஒவ்வொரு டெலிவிஷனுக்கும் செல்போனுக்கும் தனி அடையாளம் உண்டு. எந்தக் கருவி எந்த இணைப்பிலிருந்து, எத்தனை நாள், எப்படிப் பார்க்கிறது என்பதையெல்லாம் கம்பெனியின் கணக்குப் புஸ்தகம் குறித்துக்கொள்கிறது. அதிகமாகப் பார்க்கும் இடம் ‘வீடு’. அந்த இணைப்பைத் தொடாத டெலிவிஷன் அந்நியம். இவ்வளவுதான் சூட்சுமம்.

கேபிள் டெலிவிஷனில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததில் நியாயம் இருந்தது. கேபிள் என்பது தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்த கம்பி. தமிழ்நாடு அரசு கேபிள் 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தபோது அது கொடுத்தது வீட்டுக்குத்தான். கம்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போக முடியாதல்லவா? அந்த எல்லை கம்பியின் இயற்கையால் ஏற்பட்டது. இன்டர்நெட் வழியே வரும் படத்துக்கோ அந்த எல்லை கிடையாது. எங்கே இருந்தாலும், எந்தத் திரையிலும் பார்க்கலாம் என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. கம்பி விட்டுப்போன இடத்தில் கம்பெனி தானாக ஒரு சுவரை எழுப்பியிருக்கிறது.

கம்பெனிகளின் கட்சியையும் சொல்லிவிடுவோம். ஒருவர் சந்தா கட்ட, அவருடைய சங்கேதச் சொல்லைக் கேட்டு வாங்கித் தெருவே பார்ப்பது உலகமெங்கும் நடந்தது. அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் கம்பெனி 2017-ல், சங்கேதச் சொல்லைப் பகிர்ந்துகொள்வதே அன்பு என்கிற பொருள்பட வெளிப்படையாகவே எழுதியது. 2022-ம் வருஷத்தின் முதல் மூன்று மாதத்தில் அதன் சந்தாதாரர்களில் 2 லட்சம் பேர் குறைந்தார்கள். உடனே கணக்குப் பார்த்ததில், 10 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பிறர் கணக்கில் பார்க்கின்றன என்று மதிப்பிட்டது. அன்பு அத்துடன் முடிந்தது. 2023 மே மாதத்தில் அமெரிக்காவிலும், அதே வருஷம் ஜூலை 20-ந் தேதி இந்தியாவிலும், ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டுமே என்ற விதி அமலுக்கு வந்தது. பிரயாணத்தில் பார்ப்பதற்கு வழி வைத்திருப்பதாகவும் கம்பெனி சொல்கிறது.

படம் எடுப்பவர், நடிப்பவர், ஒளி அமைப்பவர், தையல்காரர் முதலிய எத்தனையோ பேருடைய ஜீவனம் இந்தச் சந்தாவில் இருக்கிறது. ஆகையால் சந்தா கட்டாமல் பார்ப்பவருக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு திரைக்குப் பணம் கட்டினால் இரண்டு திரை. நாலு திரைக்குக் கட்டினால் நாலு. நாடகக் கொட்டகையில் இரண்டு டிக்கெட்டுக்கு இரண்டு நாற்காலி கொடுப்பதைப் போன்றது அது. யாரும் குறை சொல்ல முடியாது. அமேஸான் கம்பெனி 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் ஒரு சந்தாவுக்கு 5 கருவிகள், அவற்றில் டெலிவிஷன் 2-க்கு மேல் கூடாது என்று விதித்தது. அதுவும் எண்ணிக்கைதான். ஆனால், டிக்கெட்டு வாங்கியவரைப் பார்த்து, “நீர் எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்?” என்று கொட்டகைக்காரர் கேட்டால் அதை ஒப்புக்கொள்வோமா?

நம் பத்திரிகைத் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி வீட்டுக்கு வந்ததும் முதலில் தாத்தா படிக்கிறார். பிறகு அம்மா, பிறகு குழந்தைகள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறார்கள். ரயிலில் எதிரே இருப்பவர், “கொஞ்சம் கொடுங்கள்” என்கிறார். திண்டிவனத்தில் பிரித்தால் எழுத்து மறைந்துவிடும் என்று எந்த ஆசிரியராவது பத்திரிகை அச்சிட்டதுண்டா?

* * *

இந்த விதியின் வேர், ‘வீட்டார்’ என்றால் யார் என்ற கேள்வியில் இருக்கிறது. நம்முடைய தேசத்தில் ஜனத்தொகைக் கணக்கு எடுப்பவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். உத்தியோக நிர்ப்பந்தத்தால் யாராவது அப்படிச் செய்ய முடியாமற் போனால் அதற்கும் விலக்கு உண்டு. சர்க்காரின் விளக்கத்தில் உலை இருக்கிறது, உறவு இருக்கிறது, பிழைப்பின் நிர்ப்பந்தம் இருக்கிறது. கம்பெனியின் விளக்கத்திலோ வைஃபை பெட்டி ஒன்றுதான் இருக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பங்களைப் பாருங்கள். மூத்த மகன் சென்னையில், இளையவன் பெங்களூரில், மகள் நாற்பது கிலோமீட்டருக்குள் ஏதோ ஓர் ஊரில். பேரப்பிள்ளை பரீக்ஷைக்குப் படிக்கும்போது பாட்டி அங்கே போவாள். மருமகளுக்குப் பிரசவமென்றால் மூன்று மாதம் இங்கே இருப்பாள். வயதானவர்கள் ஒரே கூரையின் கீழ் வருஷம் முழுவதும் இருப்பதுதான் அபூர்வம். இந்த விதி தண்டிப்பது யாரை? வீட்டிலேயே சுகமாக உட்கார்ந்திருப்பவரை அல்ல. நோய்க்காகவும், நோயாளிக்குத் துணையாகவும், பிழைப்புக்காகவும், படிப்புக்காகவும் வீட்டை விட்டு இருக்க நேர்ந்தவர்களைத்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2024-ம் வருஷ முடிவில் இந்தியாவில் வேக இன்டர்நெட் இணைப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ 90 கோடிப் பேருக்கு அது செல்போன் வழியே வந்தது. வீட்டுக்குக் கம்பி போட்ட இணைப்புகள் 4 கோடியை ஒட்டியே இருந்தன. கிராமத்தில் பல வீடுகளில் செல்போனிலிருந்துதான் டெலிவிஷனுக்கு இன்டர்நெட் பாய்கிறது. அந்தச் செல்போனை வீட்டுக்காரர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், நத்தை ஓட்டைச் சுமப்பது போல, வீடும் அவருடன் பஸ் ஏறிவிடுகிறது! கம்பி இணைப்பு வீட்டுக்கு வீடு உள்ள தேசங்களில் எழுதிய விதியை நம் கிராமத்தில் கொண்டுவந்து ஒட்டினால் இப்படித்தான் இருக்கும்.

நம் தேசம் இதைவிடப் பெரிய காரியத்தில் வேறு பாதை கண்டிருக்கிறது. ரேஷன் அரிசி ஒரு காலத்தில் பதிவு செய்த கடையில் மட்டுமே கிடைத்தது. வெளியூருக்கு வேலைக்குப் போன தொழிலாளியின் குடும்ப அட்டை பெட்டியில் தூங்கிற்று. இன்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அட்டை வைத்திருப்பவர் போன ஊரிலேயே தம் பங்கை வாங்கலாம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலும், 2022 ஜூனுக்குள் தேசம் முழுவதிலும் இது நடைமுறைக்கு வந்தது. செல்போன் எண்ணும் அப்படியே. மாகாணம் மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை என்ற உரிமை 2015 ஜூலை 3-ந் தேதி முதல் இருக்கிறது. அரிசி கூட வருகிறது. எண் கூட வருகிறது. கட்டிய சந்தா மாத்திரம் சுவருக்குள்ளேயே நிற்பானேன்?

* * *

மற்ற தேசங்களில் எப்படி என்று பார்த்தால் வேடிக்கையும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது.

அமெரிக்காவில் நேரடி டெலிவிஷனை இன்டர்நெட்டில் தரும் யூடியூப் டி.வி.க்குச் சந்தாதாரர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது தம் சொந்தப் பிரதேசத்திலிருந்து அதைத் திறந்தாக வேண்டும். அங்கே உள்ளூர் ஒளிபரப்பு உரிமைகள் ஊர் ஊராக விற்கப்படுவதே காரணம். பிரிட்டனில் டெலிவிஷன் லைசென்ஸ் வீட்டுக்கு உரியது. ஆயினும் அந்த வீட்டைச் சேர்ந்தவர் வேறிடத்தில், சொந்த பாட்டரியில் ஓடும் கருவியில் பார்த்தால் குற்றமில்லை. லைசென்ஸ் இல்லாத இடத்தில் அதே கருவியைச் சுவரிலுள்ள மின்சாரத்தில் செருகினால் மட்டும் குற்றமாகிவிடும்!

ஐரோப்பிய யூனியன் செய்தது பாடம். 2018 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அங்கே ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. பணம் கட்டிச் சந்தாதாரரானவர் யூனியனுக்குள் வேறு தேசத்துக்குத் தாற்காலிகமாகப் போயிருந்தால், தம் தேசத்தில் கிடைத்த அதே நிகழ்ச்சிகளை அங்கும், மேற்கட்டணம் இல்லாமல், கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். சந்தாதாரர் எந்தத் தேசத்தவர் என்பதைச் சரிபார்க்கக் கம்பெனிக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்குக் கேட்கும் அத்தாட்சிகளுக்கு அளவு உண்டு. பல பாஷைகளும் பல சர்க்கார்களும் உள்ள ஒரு கண்டத்தில் எல்லை தாண்டி இது சாத்தியமென்றால், ஒரே ஜில்லாவில் குயிலாப்பாளையத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் சாத்தியமாகாதா?

தேசம் விட்டுத் தேசம் போகும்போது படம் மறைவது வேறு விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பி.பி.சி.யின் இன்டர்நெட் டெலிவிஷன் பிரிட்டனுக்குள்தான் திறக்கும். ஆகையால் லண்டனிலிருந்து ஆரோவிலுக்கு வந்தவருக்கு அது இங்கே கிடையாது. சிங்கப்பூருக்குப் போன நம்மவரும் இங்கே பார்த்த தமிழ்ப் படம் அங்கே இல்லையென்று கண்டு திகைப்பதுண்டு. படத்தின் உரிமை தேசம் தேசமாக விற்கப்படுவதால் ஏற்படும் தொல்லை அது. ஆனால் திண்டிவனத்துக்கென்று தனியாக யாரும் உரிமை விற்கவில்லை.

* * *

நாம் கேட்பது மூன்று விஷயங்கள்.

முதலாவது: பணம் வாங்குவதற்கு முன்னால், இந்தச் சந்தா எத்தனை திரைக்கு, எத்தனை கருவிக்கு, வெளியூரில் எத்தனை நாளைக்கு என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். தமிழில் படம் விற்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் விதியை எழுதவும் தெரியும். இரண்டாவது: திரையை எண்ணட்டும், சுவரை எண்ண வேண்டாம். மூன்றாவது: கேபிளுக்கும் ‘டிஷ்’ஷுக்கும் கட்டண விதிகள் வகுத்திருக்கும் டிராய் போன்று, இன்டர்நெட் டெலிவிஷன் சந்தாவின் நிபந்தனைகளுக்கும் ஒரு பொது ஒழுங்கு வேண்டும். ஐரோப்பாவின் சட்டத்தைப் போல, பிரயாணத்திலும் சந்தா கூடவே வரும் உரிமை நம் சட்டத்தில் இடம்பெற வேண்டும்.

அதுவரையில் நம் குடும்பங்கள் செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. பணம் கட்டுகிறவர் பெரியவராயின், கணக்கில் அவருடைய செல்போன் எண்ணையே பதியுங்கள். பிள்ளைகளின் எண் வேண்டாம். வெளியூர் கிளம்புமுன், பார்க்க விரும்பும் படங்களைச் செல்போனிலோ பலகைக் கம்ப்யூட்டரிலோ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இன்டர்நெட்டே வேண்டியதில்லை. இந்த வீட்டு விதி முக்கியமாக டெலிவிஷனைத்தான் பிடிக்கிறது. கைக்கருவிகளில் தொல்லை குறைவு. வருஷச் சந்தா கட்டுமுன் ஒரு மாதச் சந்தா கட்டிப் பாருங்கள். குறை ஏற்பட்டால் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இன்டர்நெட்டில் வியாபாரம் செய்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டுமென்று 2020-ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒருவர் புகார் செய்தால் அது முணுமுணுப்பு. ஆயிரம் பேர் செய்தால் அது பொதுஜன அபிப்பிராயம்.

* * *

விடைபெறும்போது தலைமையாசிரியர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்தார். புதுச்சேரிப் பக்கம் கையைக் காட்டினார்.

“என் தகப்பனார் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரன் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரன் ஒரு பக்கமாக இருந்த நாளில், சந்தைக்குப் போய் வந்தால் நடுவழியில் சுங்கச் சாவடிக்காரன் மூட்டையை அவிழ்க்கச் சொல்வானாம். 1954 நவம்பர் முதல் தேதி அந்தப் பக்கமும் நம்முடையதாயிற்று. இப்போது அந்தச் சுங்கச் சாவடி இல்லை. இதையெல்லாம் தாண்டி வந்த பிறகு, மகள் வீட்டு அறையில் ஒரு சாவடி!”

அவருடைய கேள்விக்கு நம் பதில் இதுதான்: ஐயா, திண்டிவனத்திலும் நீங்கள் அதே மனிதர்தான். சந்தா கட்டியது நீங்கள். உங்கள் வீட்டுச் சுவர் அல்ல. இதைக் கம்பெனிகள் தாமாக உணர்ந்தால் நல்லது. உணராவிட்டால், பணம் கட்டுகிற ஜனங்கள்தான் எடுத்துச் சொல்லி உணர்த்த வேண்டும்.